ஆடியவர் ஆசிரியராகும்போது: பினாங்கில் இல்லாத ஒரு படி

மற்றத் துறைகளில் ஒருவர் அனுபவசாலி என்று பெயரெடுக்கத் தொடங்கும் வயதில் பாலே கலைஞரின் மேடை வாழ்க்கை முடிந்துவிடுகிறது. பாரிஸ் ஆப்பெரா தன் நடனக் கலைஞர்களுக்கு 42 வயதில் ஓய்வு தருகிறது. அந்த ஓய்வூதிய ஏற்பாட்டின் வேர் பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1698-இல், இருக்கிறது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்த உரிமையை அரசு மாற்ற முனைந்தபோது, 2019 டிசம்பர் 24 அன்று அக்குழுவின் பெண் கலைஞர்கள் குளிரில் ஆப்பெரா கட்டடத்தின் வாயிற்படிகளிலேயே ‘அன்னப்பறவை ஏரி’யின் ஒரு பகுதியை ஆடி எதிர்ப்பைக் காட்டினார்கள். 42 வயது என்பதே தாராளமான கணக்கு. பௌமல், ஜெஃப்ரி, திராஸ்பி என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் நடனக் கலைஞர்களை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்ட அறிக்கை ஒரு வருத்தமான இடைவெளியைக் காட்டியது. அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது வயதுவரை ஆடுவோம் என்று நம்பினார்கள். ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்தவர்களோ முப்பதுகளிலேயே நிறுத்தியிருந்தார்கள். முடிவு வரும் என்பது எல்லாருக்கும் தெரியும்; எவ்வளவு சீக்கிரம் வரும் என்பது ஆடிக்கொண்டிருக்கும் வரை தெரிவதில்லை. இந்த இடைவெளியில் விழுபவர்களைத் தாங்கத்தான் பிரிட்டனில் 1973-இலும், கனடாவில் 1985-இலும், நெதர்லாந்தில் 1986-இலும் நடனக் கலைஞர்களின் மறுவாழ்வுக்கென்றே அமைப்புகள் தோன்றின.

மேடையை விட்டபின் என்ன செய்வது என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் கிடைக்கும் முதல் பதில், சொல்லிக்கொடுக்கலாமே என்பதுதான். ஆடத் தெரிந்தவருக்கு ஆடக் கற்பிக்கவும் தெரியும் என்ற நம்பிக்கை இந்தப் பதிலின் அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதும், அது எல்லா இடத்திலும் ஒரே அளவு கேடு செய்வதில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம். பெரிய பாலே குழுக்கள் உள்ள நகரங்களில் இந்தத் தவறு ஓரளவு மறைந்துபோகிறது. மலேசியாவின் பினாங்கு போன்ற இடத்தில் அது மறைவதில்லை. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் பாலே உண்டு. பல பத்தாண்டுகளாகப் பிள்ளைகள் கற்கிறார்கள், தேர்வெழுதுகிறார்கள், ஆண்டு விழாவில் ஆடுகிறார்கள். அங்கே இல்லாதது, சம்பளத்துக்கு ஆடும் முழுநேரக் குழு. அந்த ஒரு குறையால், மேடையிலிருந்து வகுப்பறைக்கு வரும் பாதையின் நடுவே ஒரு படி உடைந்து கிடக்கிறது.

பினாங்குக்கு மேடைப் பழக்கம் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து, 1885 வாக்கில் மாமாக் பூசி தொடங்கிய குழுவிலிருந்துதான் மலாய் பங்சாவான் நாடகம் பிறந்தது. பாட்டும் ஆட்டமும் விற்று வாழும் தொழில்முறைக் கலைஞர்கள் இந்தத் துறைமுகத்தில் தலைமுறைக் கணக்கில் இருந்திருக்கிறார்கள். பாலே வந்த வழி வேறு. அது நாடகக் கொட்டகை வழியாக வரவில்லை. பியானோ பாடத்தைப் போல, ஆங்கிலேயத் தேர்வு முறையின் வழியாக வந்தது. லண்டனில் 1920-இல் கர்சாவினா, அடலின் ஜெனே, எஸ்பினோசா முதலியோர் சேர்ந்து தொடங்கிய ஆசிரியர் சங்கம்தான் இன்றைய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ். அதன் தேர்வாளர்கள் நாடு நாடாகச் சென்று பிள்ளைகளைச் சோதிக்கிறார்கள். நிலை ஒன்று முதல் எட்டு வரையும், அவற்றோடு தொழில்முறை நிலைகளும் உண்டு. ஆக, பினாங்குப் பிள்ளைக்குப் பாலே அறிமுகமாவது பாடத்திட்டமாக. தஞ்சோங் தோக்கோங்கில் 2011-இல் திறந்த பினாங்குக் கலையரங்கமும், அதற்கு முன்பிருந்தே இருக்கும் டேவான் ஸ்ரீ பினாங்கும், 2010 முதல் நடந்துவரும் ஜார்ஜ் டவுன் விழாவும் மேடையைத் தருகின்றன. ஆனால் மலேசியா முழுவதற்குமே அரசு நிதியில் முழுநேரமாக இயங்கும் தேசிய பாலே குழு இல்லை. பினாங்கில் பிறந்த ஒரு பிள்ளை பாலேயைத் தொழிலாகக் கொள்ள விரும்பினால் சிங்கப்பூருக்கோ ஹாங்காங்குக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போகத்தான் வேண்டும். முப்பத்தைந்து வயதில் திரும்பி வரும்போது அவர் விட்டுச்சென்ற அதே வகுப்பறைதான் அவருக்காகக் காத்திருக்கிறது.

இங்கேதான் நடுப்படி என்று நான் சொல்வதை விளக்க வேண்டும். ஒரு பெரிய குழுவில் ஓய்வு பெறும் கலைஞர் உடனே எட்டு வயதுப் பிள்ளைகள் முன் போய் நிற்பதில்லை. குழுவுக்குள்ளேயே அவருக்கு வேலைகள் உண்டு. காலையில் முழுக்குழுவுக்கும் நடக்கும் பயிற்சி வகுப்பை நடத்துபவர், பழைய படைப்புகளை நினைவில் வைத்து ஒத்திகையில் மீட்டுத் தருபவர், ஒரு பாத்திரத்தை முதன்முறையாக ஏற்கும் இளையவருக்குத் தனியே மெருகேற்றுபவர் என்று பல நிலைகள். கலீனா உலானோவா ஆடுவதை நிறுத்தியபின் மாஸ்கோவின் போல்ஷோய் அரங்கில் பல்லாண்டு செய்தது இந்த வேலைதான்; மக்சிமோவா, வசீலியெவ் போன்றவர்கள் அவரிடம் மெருகேறியவர்கள். அங்கே எதிரே நிற்பவரும் தேர்ந்த கலைஞர். தோளை இன்னும் சற்றுத் தாழ்த்து, இந்த இசைத் தொடரில் மூச்சை அடக்காதே என்று பாதி வாக்கியமும் ஒரு கையசைவும் போதும். மீதியை எதிரே இருப்பவரின் உடலே புரிந்துகொள்ளும். மேடை அறிவு முழுவதும் நேரடியாகப் பயன்படும் இடம் அது. ஆடியவர் கற்பிப்பார் என்ற நம்பிக்கை உண்மையாவது அந்த இடத்தில்தான். பெருநகரங்களின் அனுபவத்தை வைத்து அந்த நம்பிக்கையை நாம் எல்லா இடத்துக்கும் பொதுவாக்கிவிட்டோம். குழு இல்லாத ஊரில் மெருகேற்றும் வேலையும் இல்லை. மேடையிலிருந்து இறங்கியவருக்குக் கிடைப்பது அவருடைய திறமைக்கு மிகத் தொலைவில் உள்ள ஒரே வேலை: இன்னும் உடலே முதிராத குழந்தைக்கு முதல் பாடம் சொல்வது.

அந்த முதல் பாடம் எத்தனை பொறுப்பானது என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. பாலேயின் அடிப்படை நிலை, கால்களை வெளிப்புறமாகத் திருப்பி நிற்பது. அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். மூட்டின் எலும்பமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். கண்ணாடியில் பாதங்கள் நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்று குழந்தையைத் தூண்டினால், இடுப்பு தர முடியாததை முழங்காலும் கணுக்காலும் முறுகி ஈடுகட்டும். அன்றைக்கு வலிக்காது, பதினாறு வயதில் வலிக்கும். விரல்நுனியில் நிற்கும் காலணியை எப்போது அணியலாம் என்பதும் இப்படியே. வயது மட்டும் போதாது. பாதம், கணுக்கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் வலிமையைப் பார்த்து, பொதுவாகப் பதினோரு பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்காமல் இருப்பதே நல்லது. விரைவாக வளரும் பருவத்தில் நேற்றுவரை சமநிலையோடு சுழன்ற பெண் திடீரெனத் தடுமாறுவாள்; சோம்பேறித்தனம் என்று அதைத் திட்டுவதா, எலும்பு தசையை முந்திக்கொண்டு வளர்கிறது என்று பொறுப்பதா என்பது ஆசிரியரின் அறிவைப் பொறுத்தது. இனி உணவு. மெலிந்த உடலே அழகு என்று பழகிய கலைஞர் ஒருவர் யோசிக்காமல் சொல்லும் ஒரு சொல், பதின்மூன்று வயதுச் சிறுமியின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் போகும். இவை எதுவும் மேடையில் கற்றுக்கொள்ளும் பாடங்கள் அல்ல. மேடை கற்றுத் தருவது பெரும்பாலும் நேர்மாறானது: வலியைப் பொறு, காட்டிக்கொள்ளாதே, ஆடி முடி.

இன்னொரு தடையும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாதது. ஒரு செயலில் தேர்ச்சி பெறுவது என்றால், அதை யோசிக்காமல் செய்யப் பழகுவது. சியான் பைலாக், தாமஸ் கார் என்ற உளவியலாளர்கள் கோல்ஃப் பந்தைக் குழியில் உருட்டும் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்களால் அந்தச் செயலைப் பொதுப்படையாக நன்றாக விவரிக்க முடிந்தது. ஆனால் சற்றுமுன் தாங்கள் அடித்த அடியை எப்படி அடித்தார்கள் என்று கேட்டபோது, புதியவர்களைவிட அவர்களுக்குக் குறைவாகவே நினைவிருந்தது. தேர்ச்சியே அந்த நினைவை விழுங்கியிருந்தது. கோல்ஃபுக்கும் பாலேக்கும் தூரம் அதிகம்தான். ஆயினும் பத்து வயதுக்குள் உடலில் படிந்துவிட்ட ஓர் அசைவை முப்பத்தைந்து வயதில் பிரித்துச் சொல்லும்படி கேட்டால், கலைஞருக்கும் இதே கதிதான் நேரும் என்று எண்ண நியாயம் இருக்கிறது. அவர் என்ன செய்வார்? ஆடிக் காட்டுவார். குழந்தை அதன் வெளிவடிவத்தைப் பார்த்துப் போலச் செய்யும். உள்ளே எந்தத் தசை எதைத் தாங்குகிறது என்பது இருவருக்குமே இருட்டாக இருக்கும்.

இந்த இருட்டை விலக்கியவர் யார் என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். இருபதாம் நூற்றாண்டின் மிகச் செல்வாக்கான பாலே ஆசிரியை அக்ரிப்பினா வகானோவா, பெரும்புகழ் பெற்ற நாயகி அல்லர். மரீன்ஸ்கி அரங்கில் 1897-இல் சேர்ந்தவருக்குத் தலைமைக் கலைஞர் என்ற நிலை 1915-இல்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டே மேடையை விட்டார். அவருக்கு எளிதாக வந்தது எதுவுமில்லை. உடன் ஆடியவர்களுக்கு இயல்பாகக் கைகூடியது தனக்கு ஏன் கைகூடவில்லை என்று ஆண்டுக் கணக்கில் ஆராய வேண்டியிருந்தது. செக்கெட்டி கற்பித்த இத்தாலிய முறையின் உறுதி எங்கிருந்து வருகிறது, பிரெஞ்சுப் பாணியின் மென்மை எங்கே தளர்ச்சியாகிவிடுகிறது என்று ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பகுத்துப் பார்த்தார். பின்னாளில் அவர் வகுத்த முறை அந்த ஆராய்ச்சியின் விளைவு. 1925-இல் செம்யோனோவா, 1928-இல் உலானோவா, 1931-இல் துதின்ஸ்காயா என்று அவர் வகுப்பிலிருந்து வந்தவர்களின் வரிசை அதற்குச் சாட்சி. 1934-இல் அவர் எழுதிய பாடநூல் இன்றும் பயிலப்படுகிறது. குறையோடு ஆடியவர்தான் நல்லாசிரியர் ஆவார் என்று இதிலிருந்து ஒரு விதி வகுக்க முடியாது. கர்சாவினா போன்ற பேரொளிகளும் கற்பிப்பதில் அக்கறை காட்டியவர்கள். நான் இதில் காண்பது ஒன்றே. வகானோவா ஆசிரியையானது மேடையை விட்ட நாளில் அல்ல. ஆடிக்கொண்டே, தன் ஆட்டத்தை வெளியே நின்று பார்க்கத் தொடங்கிய நாளில்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு மறுப்பு எழும். நம் மரபில் ஆசிரியப் பயிற்சி, சான்றிதழ் என்று எதுவும் இருந்ததில்லையே. குருவிடம் கற்றோம், கற்றதைக் கொடுத்தோம், பரதம் நூற்றாண்டுகள் தாண்டி வந்துவிடவில்லையா? நியாயமான கேள்வி. ஆனால் நம் மரபை ஊன்றிப் பார்த்தால் அது என் பக்கமே பேசுகிறது. பரதத்தின் முந்தைய வடிவமான சதிர் மரபில் ஆடியவரும் கற்பித்தவரும் பெரும்பாலும் ஒருவர் அல்லர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனார்கள் மேடை ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று ஆசிரியரானவர்கள் அல்லர். அவர்கள் சிறு வயது முதலே ஆசானின் பக்கத்தில் அமர்ந்து, தட்டுக்கழி பிடித்து, தாளம் போட்டு, சொற்கட்டு ஓதி, பாடி, எத்தனையோ மாணவிகளின் அடவு திருந்துவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். அதைவிட நீண்ட ஆசிரியப் பயிற்சி உலகில் எந்தக் கல்லூரியிலும் இல்லை. கற்பித்தல் தனிக் கலை என்பதைத் தஞ்சாவூர் மரபு அறிந்திருந்தது. சான்றிதழ் அச்சடிக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. இருபதாம் நூற்றாண்டில் பரதம் புதிய சமூகங்களின் கைக்கு வந்தபோது, ஆடுபவரே கற்பிப்பவராகவும் ஆனார். நட்டுவனாரின் அந்த நீண்ட பயிற்சி பல இடங்களில் நடுவழியில் விடுபட்டது. இன்று பினாங்கிலோ கிள்ளானிலோ அரங்கேற்றம் முடித்த மறுவருடமே வகுப்புத் தொடங்கும் இளம்பெண்ணுக்கு இல்லாதது இதுதான்.

ஆடியவரே கற்பிக்கும் புதிய ஏற்பாட்டிலும் உயர்ந்த எடுத்துக்காட்டு உண்டு. அது ஓர் இடைவெளியிலிருந்து பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1928-இல் பிறந்த கலாநிதி நாராயணன் சிறுமியாக மயிலாப்பூர் கௌரி அம்மாள் போன்றவர்களிடம் அபிநயம் கற்று மேடையேறினார். பதினாறு வயதளவில் ஆட்டம் நின்றுபோனது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குடும்பம்தான் வாழ்க்கை. 1973-இல், ஒய்.ஜி. துரைசாமியின் தூண்டுதலால் இளம் அலர்மேல் வள்ளிக்கு அபிநயம் கற்பிக்கத் தொடங்கினார். பிறகு இந்தியாவின் முன்னணிக் கலைஞர்கள் பலர் அவரிடம் வந்தார்கள்; 1985-இல் பத்மபூஷண் கிடைத்தது. ஆடிக்காட்டிப் பெயர்பெறும் வயது அவருக்கு எப்போதோ கடந்துவிட்டிருந்தது. அபிநயத்தைத் தனிப் பாடமாகப் பிரித்து, வேறு குருமார்களிடம் அடவு கற்று முடித்தவர்களுக்கு, ஒரு வரியின் பொருள் எத்தனை வழிகளில் விரியலாம் என்று யோசிக்கக் கற்றுக்கொடுத்தார். தன் முகபாவத்தை மாணவி நகலெடுப்பதை அவர் விரும்பவில்லை. மேடைக்கும் வகுப்புக்கும் இடையே கிடந்த முப்பது ஆண்டு, இழப்பாக இருந்த அதே வேளையில், பழகிய அசைவைப் புதிதாகப் பார்க்கும் தூரத்தையும் அவருக்குக் கொடுத்தது என்றே நினைக்கிறேன். எல்லாரும் முப்பது ஆண்டு காத்திருக்க முடியாது. அந்தத் தூரத்தை வேறு வழியில் உண்டாக்கிக்கொடுப்பதுதான் ஆசிரியப் பயிற்சி.

ஆடியவரே கற்பிக்கும் ஏற்பாட்டுக்கு மலேசியாவில் இன்னொரு வடிவம் கிடைக்கிறது. 1953-இல் பிறந்த ராம்லி இப்ராஹிம் ஆஸ்திரேலியாவில் பொறியியல் படித்து, பாலேயும் நவீன நடனமும் பயின்று, சிட்னி டான்ஸ் கம்பெனியில் தொழில்முறைக் கலைஞராக ஆடியவர். அடையாறு கே. லக்ஷ்மணிடம் பரதமும், தேவபிரசாத் தாஸிடம் ஒடிசியும் கற்றவர். 1983-இல் கோலாலம்பூரில் சூத்ரா நடன அரங்கைத் தொடங்கினார். 2018-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. மலாய் இஸ்லாமியரான அவரிடம் கற்று ஒடிசி கலைஞர்களானவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் ஏராளம். அவருடைய வாழ்க்கையில் ஆட்டம் முடிந்து கற்பித்தல் தொடங்கிய நாள் என்று ஒன்றைக் காட்ட முடியாது. முப்பதுகளிலேயே பள்ளி தொடங்கினார். அதன்பின் பல்லாண்டு ஆடவும் செய்தார். பாலே உடலிடம் கேட்பதை இந்திய நடனம் அதே அளவில் கேட்பதில்லை. அபிநயம் வயதோடு முதிர்கிறது. எனவே ஆடிக்கொண்டே கற்பிப்பது பரதத்திலும் ஒடிசியிலும் இயல்பாக அமைகிறது. பாலே கலைஞர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வகுப்பைத் தொடங்கும் காலத்தை. முழங்கால் கைவிட்டபின் தேடும் அடைக்கலமாக அல்லாமல், இருபத்தைந்து வயதிலேயே வாரம் ஒருநாள் பழகும் இரண்டாவது தொழிலாகக் கற்பித்தல் இருக்க வேண்டும். இந்த இணைப்பில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. ஆசிரியரின் மேடை ஆசை மாணவர்களின் கட்டணத்திலும் உழைப்பிலும் வாழத் தொடங்கினால், வகுப்பு அவருடைய குழுவுக்குப் பின்னணி ஆட்களைத் தயாரிக்கும் இடமாகிவிடும். இந்திய நடன உலகில் இது அரிதல்ல.

தேர்வு முறையே போதும் என்பது அடுத்த மறுப்பு. லண்டன் பாடத்திட்டம் இருக்கிறது, வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார், தகுதி பெற்றுப் பதிவு செய்த ஆசிரியர்தான் பிள்ளைகளை அனுப்ப முடியும், பிறகென்ன கவலை? இந்த முறையின் நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். குழு இல்லாத, தரத்தை ஒப்பிட்டுப் பார்க்க மேடை இல்லாத ஊரில், வெளியாள் ஒருவர் வந்து பார்ப்பது பெரிய பாதுகாப்பு. சிறு குழந்தையை விரல்நுனியில் ஏற்றும் அவசரத்துக்கு அது கடிவாளம் போடுகிறது. அந்தத் தேர்வுகளை நடத்தும் ராயல் அகாடமியே தொழில்முறைக் கலைஞர்களுக்கென்று தனியாக ஓர் ஆசிரியப் படிப்பை நடத்துகிறது என்பதைக் கவனியுங்கள். நூறாண்டு அனுபவமுள்ள தேர்வு நிறுவனம், மேடையில் பல்லாண்டு ஆடியவரும் வந்து கற்பித்தலைப் படிக்க வேண்டும் என்று கருதுகிறது. என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் தேர்வு ஒரு தளம். அதற்கு மேல் கட்டடம் எழும்ப வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே பயிற்சிகளை, அதே இசைக்கு, தேர்வு நாளை நோக்கித் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளைக்கு நடனம் என்பது பிழையின்றிச் செய்து காட்டுவது என்று மட்டுமே பதிகிறது. இந்தக் குறையைத் தீர்க்கக்கூடியவர் மேடையிலிருந்து வந்தவர்தான். நேரடி இசைக்கு ஆடுவது, கூட்டத்தில் ஒருவராக மூச்சை ஒத்திசைப்பது, ஒரு படைப்பு உருவாகும்போது உள்ளே இருப்பது, இவையெல்லாம் அவரிடம் உண்டு. அவருடைய மேடை அறிவு வகுப்பறைக்குத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அது வகுப்பறைக்கு வந்துசேர ஒரு வழி வேண்டும் என்கிறேன்.

சந்தையே பார்த்துக்கொள்ளும், பினாங்கு சின்ன ஊர், இதற்கெல்லாம் பணம் ஏது என்பார்கள் சிலர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பினாங்கு மாநிலத்தின் மக்கள்தொகை சுமார் 17 லட்சம். முழுநேர பாலே குழுவை இங்கே நாளையே தொடங்கு என்று கேட்பது விவேகமாகாது. ஆனால் வரலாறு ஒரு முறையைக் காட்டுகிறது. நினெட் டி வலுவா லண்டனில் பள்ளி தொடங்கியது 1926. குழு பிறந்தது 1931. பாலன்ஷைன் நியூயார்க்கில் பள்ளி திறந்தது 1934. நியூயார்க் சிட்டி பாலே 1948. நமக்கு அருகில் சிங்கப்பூர். அங்கே பாலே அகாடமி தொடங்கியது 1958. மெல்பர்னில் 1964-இல் திறந்த ஆஸ்திரேலிய பாலே பள்ளியில் சேர்ந்த முதல் ஆசிய மாணவி கோ சூ கிம். அவர் ஊர் திரும்பி, 1971-இல் அந்த அகாடமியின் பொறுப்பை ஏற்றார். 1988-இல் அந்தோனி தெனுடன் சேர்ந்து, ஏழே கலைஞர்களோடு சிங்கப்பூர் டான்ஸ் தியேட்டரைத் தொடங்கி, 2008 வரை வழிநடத்தினார். அகாடமிக்கும் குழுவுக்கும் இடையே முப்பது ஆண்டு. கோ சூ கிம்மின் தம்பி கோ சூ சான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடன அமைப்பாளராகப் புகழ்பெற்று 1987-இல் இளவயதிலேயே மறைந்தார். உலகம் அவரை அதிகம் அறியும். ஆயினும் ஓர் ஊரில் பாலே நிலைகொள்ள வேண்டும் என்ற கண்ணால் பார்த்தால், பெயரும் புகழும் கொண்ட தம்பியைவிட, இருபதுகளிலேயே கற்பிப்பதைத் தன் தொழிலாக ஏற்ற தமக்கையின் வாழ்க்கைதான் அதிகம் கற்றுத் தருகிறது. நல்ல ஆசிரியர்கள் இருந்தால் குழு என்றாவது வரும். அவர்கள் இல்லாமல் வரும் குழுவை வெளியூர்க் கலைஞர்களைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கும். சிங்கப்பூர் அரசின் பணபலம் பினாங்குக்கு இல்லை என்பதும் உண்மை. அதனால்தான் குழுவைப் பற்றி அல்லாமல் நடுப்படியைப் பற்றிப் பேசுகிறேன்.

நடுப்படியைக் கட்ட ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2008-இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த காலத்தை ஒட்டி, பினாங்கு ஹெரிட்டேஜ் டிரஸ்ட் மரபுக் கைவினைஞர்களிடம் இளைஞர்களைப் பயிற்சிக்குச் சேர்க்கும் திட்டத்தை நடத்தியது. முதியவர் வேலை செய்யும் இடத்திலேயே அமர்ந்து கற்பது அதன் முறை. நட்டுவனார் மரபின் முறையும் அதுவே. இதையே ஆசிரியப் பயிற்சியாகத் திருப்பலாம். திரும்பிவரும் கலைஞர், ஊரில் இருபது முப்பது ஆண்டுகள் குழந்தைகளுக்குக் கற்பித்த ஆசிரியையின் வகுப்பில் ஓராண்டு உதவியாளராக நிற்கட்டும். குழந்தையைப் பார்க்கக் கற்பது அங்கேதான். பதிலுக்கு, ஊரின் பல பள்ளிகளிலும் உள்ள பதினாறு, பதினேழு வயது மாணவர்களைச் சேர்த்து ஒரு பருவகால இளையோர் குழுவை அவர் நடத்தட்டும். மெருகேற்றும் வேலை என்று நான் மேலே சொன்னது அங்கே அவருக்குக் கிடைக்கும். பள்ளி இறுதியில் வரும் எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது பாலேயை விட்டுவிடும் பிள்ளைகளுக்கும் தங்கிநிற்க ஒரு காரணம் பிறக்கும். பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டியிடும் சிறு ஊரில் மாணவர்களைப் பகிர்ந்துகொள்ள ஆசிரியர்கள் தயங்குவார்கள் என்பது உண்மையான இடர். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைப் பிரிவு போன்ற, யாருடைய மாணவரையும் பறிக்காத பொது இடம் ஒன்று இதற்குத் தேவைப்படும்.

பொருளாதாரப் பாதுகாப்பும் இதோடு சேர்ந்தது. 2017-இல் மலேசியா இயற்றிய சுயதொழில் செய்வோர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பின்னர் கலைத்துறையினருக்கும் விரிவானது. அது வேலையில் நேரும் காயத்துக்குக் காப்பு. காயமே இல்லாமல், வயதால் மட்டும் முடியும் தொழிலுக்கு அதில் இடமில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தமாக வாழும் கலைஞருக்கு ஊழியர் சேமநிதியில் முதலாளியின் பங்கும் சேர்வதில்லை. ஆகவே ஓராண்டு உதவியாளராக நிற்கச் சொல்வது, அந்த ஓராண்டுக்கு வீட்டு வாடகை யார் கொடுப்பது என்ற கேள்வியையும் எழுப்புகிறது. பிரிட்டனிலும் கனடாவிலும் நிதியங்கள் செய்வது இந்த இடைக்காலச் செலவைத் தாங்குவதுதான். பினாங்கில் ஒருவரோ இருவரோ பயன்பெறும் சிறு உதவித்தொகை போதும்; மாநில அரசும் ஊர்ச் சங்கங்களும் கலைக்குச் செலவிடும் தொகையில் அது பெரும் பங்காக இராது. ஜார்ஜ் டவுன் விழாவுக்கு வெளிநாட்டு நடனக் குழுக்கள் வரும்போது, ஒப்பந்தத்திலேயே ஒரு வாரத்தை உள்ளூர் ஆசிரியர்களுக்கென்று ஒதுக்கி எழுதலாம். வழக்கமாக நடக்கும் ஒருநாள் பயிலரங்கு மாணவர்களுக்கானது. படம் எடுத்துக்கொள்வதோடு முடிந்துவிடுகிறது. நான் கேட்பது ஆசிரியர்களுக்கான வாரம்: குழுவின் காலை வகுப்பு நடப்பதை உட்கார்ந்து பார்க்கவும், அதை நடத்துபவரிடம் ஏன் இந்த வரிசை, ஏன் இந்தத் திருத்தம் என்று கேட்கவும் ஐந்து காலைகள்.